கட்டியா, சீழா? கல்லீரல் சீழ்க்கட்டியை வடிக்கும் சிகிச்சையின் சொல்வழி வரலாறு

மூணாறை அடுத்த சித்திரபுரம் இரு மொழிகளின் ஊர். 1940இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் திட்டத்தை ஒட்டியும் தேயிலைத் தோட்டங்களை ஒட்டியும் வளர்ந்த இப்பகுதியில், லயங்களில் தமிழும் அலுவலகங்களில் மலையாளமும் மிகுதியாகக் கேட்கும். இங்குள்ள ஒருவருக்குக் கல்லீரலில் சீழ் கோத்துக்கொண்டால் அச்செய்தி அவரை அடையும் மொழி, அவர் எந்தத் திசையில் மலையிறங்குகிறார் என்பதைப் பொறுத்தது. தேனிப் பக்கம் இறங்கினால் ‘ஈரல்ல கட்டி’ என்பார்கள். கோட்டயம் பக்கம் இறங்கினால் ‘கரளில் பழுப்பு’ என்பார்கள்.

இரண்டும் ஒரே நோயைக் குறிக்கின்றன. ஆனால் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. மலையாளத்தில் ‘பழுப்பு’ என்றால் சீழ். புடைத்த கட்டிக்கு ‘முழ’ என்று வேறு சொல் உண்டு. இன்றைய பேச்சுத் தமிழில் ‘பழுப்பு’ ஒரு நிறம். ‘கட்டி’ என்பதோ வேனிற்கட்டி முதல் புற்றுநோய்க் கட்டி வரை அனைத்தையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும் சொல். ‘ஈரலில் கட்டி, ஊசி குத்தி எடுக்க வேண்டும்’ என்று கேட்பவர் அதைப் புற்றுநோய் எனப் புரிந்துகொண்டு அஞ்ச வாய்ப்புண்டு. ‘கட்டியில் ஊசி பட்டால் பரவிவிடும்’ என்ற ஊர்ப்பேச்சும் சேர்ந்துகொண்டால், உரிய நாளில் நடக்க வேண்டிய எளிய சிகிச்சை தள்ளிப்போகும்.

மருத்துவ வரலாற்றைப் பற்றி மொழியியல் பயின்றவள் ஒருத்தி எழுத முற்படுவது இதன் பொருட்டே. கல்லீரல் சீழ்க்கட்டிக்கு என்ன பெயர் சூட்டப்பட்டது என்பதும், அதை எப்படிக் குணப்படுத்த முயன்றார்கள் என்பதும் கடந்த இருநூறு ஆண்டுகளாக ஒன்றையொன்று தொடர்ந்தே வந்திருக்கின்றன. அந்த வரலாற்றை அறிந்தால், இன்று நோயாளியிடம் சொல்லப்படும் அறிவுரைகள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு காரணம் இருப்பது விளங்கும்.

பழைய நூலிலிருந்து தொடங்குவோம். சுசுருத சங்கிதையின் நிதானப் பகுதி ‘வித்ரதி’ என்ற பெயரில் உட்கட்டிகளைப் பேசுகிறது. அவை தோன்றும் உறுப்புகளுள் கல்லீரலும் ஒன்று. அங்குத் தோன்றினால் மூச்சுத்திணறலும் நீர்வேட்கையும் உண்டாகும் என்கிறது. கொப்பூழுக்கு மேலே தோன்றிப் பழுத்தவை மேல்வழியாகவும், கீழே தோன்றியவை கீழ்வழியாகவும் உடைந்து வெளியேறும்; மேல்வழியாக உடைந்தால் நோயாளி பிழைப்பது அரிது என்றும் சொல்கிறது. கல்லீரல் உதரவிதானத்திற்கு நேர் கீழே இருப்பதால், அங்குள்ள சீழ் மார்புக்கூட்டுக்குள் உடைவதும் நுரையீரல் வழியே இருமலோடு வெளிவருவதும் இன்றைய மருத்துவமும் அறிந்த சிக்கல்கள். வித்ரதி என்ற வடசொல்லோடு தொடர்புடைய ‘விப்புருதி’ சித்த மருத்துவத்தில் ஆழ்ந்த கட்டியைக் குறிக்கும். அண்மைக்காலச் சித்த மருத்துவ எழுத்துகளில் அதே சொல் புற்றுநோயைப் பற்றிப் பேசும்போதும் எடுத்தாளப்படுகிறது. எனவே சீழையும் புற்றையும் ஒரு சொல்லுக்குள் அடக்கும் வழக்கம் இன்றைய மருத்துவமனைப் பேச்சில் மட்டும் காணப்படுவதன்று.

இனி காலனியக் காலம். சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்த ஜேம்ஸ் அன்னெஸ்லி 1828இல் இந்திய நோய்களைப் பற்றிய தம் பெருநூலை வண்ணப் படங்களோடு வெளியிட்டார். சீதபேதிக்கும் கல்லீரல் சீழுக்கும் உறவு உண்டு என்பதை அவர் பிணக்கூறாய்வுகளின் வழியே கண்டார்; அந்த உறவின் காரணம் அன்று எவருக்கும் தெரியாது.

அடுத்த முக்கியமான நூல் திருவிதாங்கூரிலிருந்தே வந்தது. அங்கு ரெசிடென்சி மருத்துவராகப் பணியாற்றிய எட்வர்டு ஜான் வேரிங், கிழக்கிந்தியாவில் காணப்படும் கல்லீரல் சீழ்க்கட்டியைப் பற்றிய புள்ளிவிவர ஆய்வு ஒன்றை 1854இல் திருவனந்தபுரத்தில் அச்சிட்டு வெளியிட்டார். உயிரிழப்பில் முடிந்த 300 நேர்வுகளை அவர் தொகுத்தார். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரின் கட்டி உடையவும் இல்லை, எவரும் அதைத் திறக்கவும் இல்லை. இந்த ஒரு செய்தியே போதும்: வாளாவிருந்தாலும் இந்நோய் கொல்லும்.

வேரிங் இன்னொரு வகையிலும் நமக்குரியவர். கடைச்சரக்கு மருந்துகளைப் பற்றி அவர் எழுதிய கையேட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் தமிழ், மலையாளம் உள்ளிட்ட நாட்டுமொழிப் பெயர்கள் இடம்பெற்றன. நோயாளியின் சொல்லை மருத்துவர் அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் உண்டு. ஆயினும் கல்லீரல் சீழ் பற்றிய அக்காலப் பதிவுகளில் பெரும்பாலும் எண்ணப்பட்டோர் ஐரோப்பியப் படைவீரரே. அதனால் நோயின் பெயரும் அவர்களின் பார்வையில் அமைந்தது: ‘வெப்பமண்டலக் கட்டி’. வெயிலும் மதுவும் மசாலா உணவும் காரணமாகச் சொல்லப்பட்டன. நோய்க்கு இடத்தின் பெயர் சூட்டப்பட்டதால், இடத்தை மாற்றுவதே சிகிச்சை என்றாயிற்று. கடற்பயணமும் மலைவாசமும் பரிந்துரைக்கப்பட்டன. ஜான் டேனியல் மன்ரோ 1877இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற பிறகு இந்த மலையில் குடியேற்றப்பட்ட தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய இடமாற்றம் ஒரு சிகிச்சையாக இருந்திருக்க முடியாது.

கட்டியைத் திறந்தவர்களின் வரலாறும் இனிதாக இல்லை. அகலக் கீறினால் சீழ் வெளியேறும். ஆனால் திறந்த வாயின் வழியே பாக்டீரியா உள்ளே செல்லும். சில நாள்களில் காய்ச்சல் மீண்டு நோயாளி இறப்பார். 1867இல் ஜோசப் லிஸ்டர் கிருமிநீக்க முறையை அறிவித்த பின் நிலைமை ஓரளவு மேம்பட்டது. சீனத் துறைமுகங்களில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன் வேறொரு வழியைக் கையாண்டார். கூர்முனைக் கம்பியும் அதன்மேல் உறையாக அமைந்த உலோகக் குழலும் கொண்ட கருவியால் துளையிட்டு, அக்குழலின் வழியே ரப்பர்க் குழாயைக் கட்டிக்குள் செலுத்தி, அதன் மறுமுனையைக் கிருமிநாசினி நீருள்ள பாத்திரத்தில் அமிழ்த்திவைத்தார். சீழ் வெளியே வரும். காற்று உள்ளே போகாது. 1898இல் வெளிவந்த வெப்பமண்டல நோய்கள் பற்றிய அவருடைய நூலில் இம்முறை விளக்கப்பட்டிருக்கிறது. இன்று நோயாளியின் இடுப்பருகே தொங்கும் மூடிய பைக்கு இந்த ஏற்பாட்டை முன்னோடி எனலாம். ‘பையைத் திறந்து வைக்காதீர்கள், குழாயின் இணைப்பைக் கழற்றாதீர்கள்’ என்று செவிலியர் வற்புறுத்துவது இந்த அனுபவத்தின் எச்சம்.

அதே காலத்தில் நோயின் பெயர் மாறத் தொடங்கியது. 1875இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபியோதர் லோஷ் சீதபேதி நோயாளி ஒருவரின் மலத்தில் அமீபாவைக் கண்டார். எகிப்தில் ராபர்ட் காக்கும், அவருக்குப் பின் கார்டுலிசும் குடல் நோயையும் கல்லீரல் சீழையும் அமீபாவோடு இணைத்தனர். 1891இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்சில் கவுன்சில்மன், லஃப்ளூர் ஆகிய இருவர் ‘அமீபா சீதபேதி’, ‘அமீபாக் கல்லீரல் சீழ்க்கட்டி’ என்னும் பெயர்களை நிலைநிறுத்தினர். அன்னெஸ்லி கண்ட உறவுக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு விடை கிடைத்தது: அசுத்த நீரோடும் உணவோடும் குடலை அடையும் அமீபா, குடற்சுவரைத் துளைத்து இரத்தக்குழாய் வழியே கல்லீரலுக்குச் செல்கிறது. வெயிலின் மேல் சுமத்தப்பட்ட பழி நீருக்கும் கழிவுக்கும் மாறியது.

காரணத்தின் பெயர் கிடைத்ததும் சிகிச்சையும் திசை மாறியது. கல்கத்தாவில் பணியாற்றிய லியோனார்டு ரோஜர்ஸ், அமீபாக் கட்டியின் உள்ளடக்கத்தில் பெரும்பாலும் பாக்டீரியா இருப்பதில்லை, திறந்த பிறகே தொற்றுகிறது என்று வலியுறுத்தினார். எனவே அகலக் கீறாமல் ஊசியால் உறிஞ்சி எடுப்பதே தக்கது என்றார். 1912இல் இபிகாக் வேரின் சாரமான எமெட்டினை ஊசிமருந்தாகக் கொடுத்து நல்ல பயன் கண்டதாக அறிவித்தார். அது இதயத்தைத் தாக்கக்கூடிய மருந்து. நோயாளி படுக்கையிலேயே இருக்க வேண்டும். ஆயினும் முதன்முறையாக, கட்டியை வெட்டாமல் அதன் காரணத்தைக் கொல்ல முடிந்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சற்று நிற்க வேண்டும். அமீபாக் கட்டியிலிருந்து எடுக்கும் செம்பழுப்பு நீரை ஆங்கிலப் பாடநூல்கள் ‘ஆன்சோவி சாஸ்’ போன்றது என்று வருணிக்கின்றன. ஆன்சோவி என்பது நம் நெத்திலியின் இனம். ஆனால் அந்தக் குழம்பு ஆங்கிலேயரின் உணவு மேசைக்குரியது. இங்கு நெத்திலி வறுவலும் குழம்பும் உண்டு, இவ்வுவமை கருதும் பண்டம் இல்லை. அதைக் கண்டிராத ஆசிரியர், அதைக் கண்டிராத மாணவருக்கு நூறாண்டுக்கு மேலாக இவ்வுவமையைக் கற்பித்து வருகிறார். மேலும் அந்நீர் உண்மையில் சீழும் அன்று. பெரும்பகுதி கரைந்த கல்லீரல் திசு. சீழணுக்கள் அதில் குறைவு. அமீபாக்கள் மிகுதியும் கட்டியின் சுவரையொட்டி இருப்பதால் எடுத்த நீரில் அவை தென்படாமலும் போகலாம். ‘டெஸ்ட்டில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது, பிறகு ஏன் மாத்திரை?’ என்று கேட்கும் நோயாளிக்கு இதுவே விடை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மருந்தின் கை ஓங்கியது. 1966இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பவலும் அவருடைய குழுவினரும் அமீபாச் சீதபேதிக்கும் கல்லீரல் சீழுக்கும் மெட்ரோனிடசோல் பயன்படுவதைக் காட்டினர். வாயால் உண்ணும் மாத்திரை எமெட்டின் ஊசியின் இடத்தைப் பிடித்தது. பின்னர் அல்ட்ராசவுண்டு வந்தது. அதுவரை தட்டியும் அழுத்தியும் ஊகித்த கட்டியை இப்போது திரையில் பார்த்தபடியே ஊசி செலுத்தலாம். ஊசியா, குழாயா என்ற கேள்விக்கு இந்தியாவிலிருந்தே ஒரு விடை வந்தது. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் 50 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் செய்த ஒப்பீடு 1998இல் வெளியானது. ஊசியால் அதிகம் இருமுறை உறிஞ்சிய பிரிவில் 60 விழுக்காட்டினருக்கே பயன் கிட்டியது. குழாய் வைத்த பிரிவில் அனைவருக்கும் கிட்டியது. பெரிய கட்டிக்கு மருத்துவர் குழாயைத் தேர்ந்தெடுப்பது நோய் முற்றிவிட்டதன் அடையாளம் அன்று.

தமிழர் வாழும் இன்னொரு நிலமான யாழ்ப்பாணத்தில் இந்நோய் அண்மைக்காலம் வரை மருத்துவமனைகளுக்குப் பழக்கமானது. அங்கு நோயுற்றோர் பெரும்பாலும் கள்ளருந்தும் ஆண்கள் என்பதை ஆய்வாளர் கவனித்தனர். காரணம் அமீபாவே என்பது குருதிச் சோதனையாலும் மரபணுச் சோதனையாலும் உறுதிசெய்யப்பட்டு 2017இல் வெளியிடப்பட்டது. கள்ளே நோயைத் தருகிறது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. மது கல்லீரலைத் தளர்த்துவதும், குடிக்கும் இடத்தின் நீரும் கலங்களும் அசுத்தமாக இருப்பதும் காரணமாகலாம். ஆனால் குடிப்பழக்கம் உள்ளவர் காய்ச்சலோடு வலப்பக்க மேல்வயிற்று வலி கண்டால் அதை ‘குடியால் வந்த ஈரல் வீக்கம்’ என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு அச்செய்தி போதுமான எச்சரிக்கை. வலி வலது தோளிலும் தோன்றலாம். அப்போது வயிற்றுப்போக்கு இல்லாமலும் இருக்கலாம்.

இவ்வரலாற்றிலிருந்து நோயாளி அறிய வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றன்று. அவரிடம் என்ன கேட்பது என்று அறிவதற்கு ஒரு துணை.

எல்லாச் சீழ்க்கட்டிகளையும் வடிக்க வேண்டியதில்லை. அமீபாவால் வந்த சிறிய கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே அடங்கும். கட்டி பெரிதாக இருந்தாலோ, உடையும் நிலையில் இருந்தாலோ, இதய உறைக்கு அருகே இடப்புற மடலில் இருந்தாலோ, சில நாள் மருந்துக்குப் பின்னும் காய்ச்சல் தணியாவிட்டாலோ, நோய் எது என்று ஐயம் இருந்தாலோ வடிப்பார்கள். பாக்டீரியாவால் வந்த கட்டி வேறு. அதைப் பெரும்பாலும் வடிக்க வேண்டியிருக்கும், ஆன்டிபயாடிக் மருந்தும் பல வாரங்கள் தொடரும். ‘எனக்கு வந்திருப்பது அமீபாவாலா, பாக்டீரியாவாலா?’ என்பது நோயாளி கேட்க வேண்டிய முதற்கேள்வி.

வடித்தல் வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன் அன்று. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அல்ட்ராசவுண்டு பார்த்தபடி தோலின் வழியே ஊசியோ மெல்லிய குழாயோ செலுத்துவார்கள். நோயாளி விழித்திருப்பார், மூச்சை அடக்கச் சொன்னால் அடக்க வேண்டும், அசையக் கூடாது. முன்னதாக இரத்தம் உறைவதைச் சோதிப்பார்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இரத்தக்கசிவு, தொற்று, அருகிலுள்ள உறுப்பில் காயம் ஆகிய ஆபத்துகள் உண்டு, அவை அரியவை. வடித்த பின் சில மணிநேரம் படுக்கையில் வைத்துக் கண்காணிப்பது இதற்காகவே.

குழாயோடு வீடு திரும்பினால் பையில் சேரும் அளவை நாள்தோறும் எழுதிவைக்க வேண்டும். அளவு மிகக் குறைந்து, காய்ச்சலும் நின்ற பிறகே மருத்துவர் குழாயை எடுப்பார். குழாய் நழுவினால் தாமாக உள்ளே தள்ளக் கூடாது. நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சுத்திணறல், திடீர்க் கடும்வலி, பையில் இரத்தம், பச்சை நிறப் பித்தநீர் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடிமாலிக்கோ மூணாறுக்கோ இரவில் வண்டி கிடைக்குமா என்பதை வீடு திரும்பும் முன்பே எண்ணிவைப்பது மலைவாழ்வோருக்கு இன்றியமையாதது.

சீழ் வடிந்ததும் நோய் தீர்ந்தது என்பதே மிகப் பரவலான தவறான எண்ணம். மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவையைத் தரும், சிறுநீர் கருமையாகலாம், குமட்டும். இவற்றுக்கு அஞ்சி நிறுத்தக் கூடாது. உண்ணும் நாள்களில் மது கூடாது. அது முடிந்த பின் குடலில் எஞ்சிய அமீபாவை அழிக்க டைலாக்சனைடு, பாரோமோமைசின் போன்ற இரண்டாவது மருந்து தேவை. கல்லீரலைக் காத்த மருந்து குடலை முழுதும் தூய்மையாக்குவதில்லை. இரண்டாவதை விட்டால் நோய் மீளலாம், பிறருக்கும் பரவலாம். மாறாக, நலமடைந்த பிறகும் ஸ்கேனில் பல மாதங்கள் குழிவு தெரியலாம். உடல்நிலை நன்றாக இருக்கும்போது அந்த நிழலை மட்டும் கண்டு மீண்டும் கட்டி வந்துவிட்டது என அஞ்ச வேண்டியதில்லை.

இறுதியாக மீண்டும் சொல்லுக்கு வருவோம். தமிழில் அறுவை மருத்துவத்தைச் சொல்ல இயலாது என்ற நிலை என்றும் இருந்ததில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழ்வழி மருத்துவம் கற்பித்தார். 1867இல் ‘இரண வைத்தியம்’ தமிழில் வெளிவந்தது. நூல்மொழியில் சொல் இருக்கிறது, படுக்கையருகே சொல்லப்படுவதில்லை. ‘கல்லீரல் சீழ்க்கட்டி’ என்று முழுமையாகச் சொல்வதற்கு ஒரு நொடி கூடுதலாகும். ‘சீழ்’ என்பது நோயியல் நோக்கில் அமீபாக் கட்டிக்கு முற்றிலும் பொருந்தாது என்று மேலே கண்டோம்; ஆயினும் நோயாளிக்குத் தேவையான பொருளை அது தருகிறது: இது தொற்று, இதற்கு மருந்து உண்டு, இதை வடிக்கலாம். ‘கட்டி’ என்ற தனிச்சொல் அந்தப் பொருளைத் தருவதில்லை.

மருத்துவ மாணவர்களுக்கும், மலையோர மருத்துவமனைகளில் மொழிபெயர்த்து உதவும் செவிலியருக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. மலையாளத்தில் ‘பழுப்பு’ என்று மருத்துவர் சொன்னதைத் தமிழில் ‘கட்டி’ என்று மாற்றாதீர்கள். ‘சீழ்’ என்று மாற்றுங்கள். ‘பழுத்தல்’ இரு மொழிக்கும் பொதுவான வினை. ‘உள்ளே பழுத்துச் சீழ் கோத்திருக்கிறது, குழாய் வைத்து வடிக்கப் போகிறோம், புற்றுநோய் இல்லை’ என்று சொன்னால் லயத்தில் வாழும் மூதாட்டிக்கும் விளங்கும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ இடுமுன் அவர் கேட்க வேண்டிய வாக்கியம் அதுவே.